ஒரு சம்பளம், பத்து மாதம், ஒரு தொட்டில்

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத்தான். தலைக்குக் குளித்த தேதியிலிருந்து மாமியார் விரல் விட்டு எண்ணுவார். ஏழாம் மாதம் எப்போது வருகிறது, வளைகாப்பு ஆடிக்கு முன்பா பின்பா, பிரசவம் ஐப்பசி மழையிலா தை வெயிலிலா என்று அரை மணி நேரத்தில் பத்து மாதமும் கணக்காகிவிடும்.

அதே காலண்டரில் பணத்துக்கும் ஒரு கணக்கு போட முடியும். பல வீடுகள் அதைத்தான் விட்டுவிடுகின்றன. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் குழந்தைப் பேற்றில் தடுமாறுவதற்குப் பணம் போதாமை ஒரு காரணம். பணம் வரும் மாதமும் செலவு வரும் மாதமும் ஒத்துப்போகாதது அதைவிடப் பெரிய காரணம். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பு வாங்கும் இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கும், ஆறு மாதம் முன்பே சேர்க்கத் தொடங்கிய இருபதாயிரத்துக்கும் தொகை ஒன்றுதான். முன்னதற்கு வட்டி உண்டு, பின்னதற்கு இல்லை. இந்த அத்தியாயம் அந்தப் பணக் காலண்டரை மாதம் மாதமாகப் போட்டுப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தவை.

இரண்டு வருமானம் ஒன்றாகும்போது

"எங்க வீட்டில் ஒரு சம்பளம்தான்" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இன்னொரு வருமானம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர், தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர், சிதம்பரத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர் எல்லோரும் தம் வருமானத்தைச் சம்பளம் என்று சொல்வதில்லை. அது காய்கறிக்கும் பாலுக்கும் கரைந்துபோகிறது. ஏழாம் எட்டாம் மாதத்தில் அது நிற்கும்போதுதான் வீடு எவ்வளவு தூரம் அதன் மேல் நின்றது என்று புரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குத் தையலில் 4,000 ரூபாய். கணவர் சம்பளத்தின் செலவு இப்படி இருக்கலாம்:

வீட்டு வாடகை – 4,500
மளிகை, காய்கறி, பால் – 5,500
கேஸ், மின்சாரம், செல்போன் – 1,500
பெட்ரோல் – 1,200
ஊரில் பெற்றோருக்கு – 1,500
மொய், பண்டிகை – 800
மாதச் சீட்டு – 1,000

மொத்தம் 16,000. மிச்சம் ஒன்றும் இல்லை. தையல் பணம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது அது ஹோட்டல், சினிமா, திடீர் விருந்தாளி என்று போகிறது.

கர்ப்பம் உறுதியான மாதத்திலிருந்தே அந்த 4,000 ரூபாயைத் தொடாமல் வைப்பதுதான் இந்த வீடு எடுக்க வேண்டிய முதல் முடிவு. குழந்தை வந்த பிறகு ஒரு சம்பளத்தில் வாழப்போகிறவர்கள் இப்போதே வாழ்ந்து பழகுகிறார்கள். இரண்டாம் மாதத்தில் தொடங்கி ஆறு மாதம் தையல் ஓடினால் 24,000 ரூபாய் சேரும். பிரசவ நேரக் கைச்செலவுக்கு 5,000, வளைகாப்புக்கு 7,000 போனால் 12,000 மிஞ்சும். குழந்தை பிறந்து ஓராண்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்ப் பற்றாக்குறையை அது தாங்கும். மீண்டும் தையல் மிஷினில் உட்காரும் காலமும் ஏறத்தாழ அதுதான்.

இந்தப் பணம் வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்கக் கூடாது. மனைவி பெயரில் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ தனிச் சேமிப்புக் கணக்கு வேண்டும். அரசின் உதவித்தொகைகளும் பெண்ணின் கணக்குக்கே வருவதால் அந்தக் கணக்கு எப்படியும் தேவைப்படும். ஆதார் அதில் இணைந்திருக்கிறதா, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அந்த ஒரு சம்பளமும் நிற்கக்கூடிய மாதங்கள்

இந்த வட்டாரத்தில் வருமானம் எப்போது நிற்கும் என்பதைக் கடலும் மழையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் வீட்டில் மே மாதம் பிரசவம் என்றால் வருமானம் இல்லாத மாதத்தில் பெரிய செலவு வருகிறது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது தவிர மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கோடு 4,500 ரூபாயாகத் திரும்புகிறது. மாதச் சம்பளம் இல்லாத வீடு தன் வருமானத்தை மாதக் கணக்கில் பார்க்கக் கூடாது. ஆண்டு முழுவதும் வந்த பங்கைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான் அந்த வீட்டின் உண்மையான சம்பளம். நல்ல பாடு கிடைத்த மாதத்தில் அதற்கு மேல் வந்தது தடைக்கால மாதங்களின் பணம்.

அடுத்தது மழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு பருவத்து வருமானம் போனதோடு அது நிற்கவில்லை. புதுக்கன்று வளர்ந்து காய்க்கும் வரையிலான ஆண்டுகளின் வருமானமும் போயிற்று. கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 வெள்ளமும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததும் இங்குள்ளோருக்கு இன்னும் பழைய கதையாகவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பிரசவ நாள் விழுந்தால் இரண்டு ஏற்பாடு வேண்டும். மின்சாரம் போனால் ஏ.டி.எம்மும் செல்போன் பணமும் கைகொடுக்காது என்பதால் 5,000 ரூபாய் ரொக்கமாக வீட்டில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் சுகாதாரத் துறைக்கு உண்டு. கிராம செவிலியர் கூப்பிட்டால் "வலி வரட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் கிளம்பிவிட வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்குச் சிதம்பரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இந்த ஊரின் நிரந்தர வருமானமாகப் பல தலைமுறைக்கு இருந்தது. 2012 நவம்பரில் கடும் நிதி நெருக்கடி வெளியே தெரிந்தது. ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்ற பேச்சு எழுந்து ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013இல் தமிழக அரசு பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வேலை காப்பாற்றப்பட்டது. ஆனால் உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் பணி நிரவலில் வெளி மாவட்ட அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் மனைவி மக்கள், வேறு ஊரில் வாடகை அறை என்று ஒரே சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது. அந்த நேரத்தில் மாதத் தவணை குறைவாக இருந்த வீடு மூச்சுவிட்டது, சம்பளத்தின் பெரும்பகுதியைத் தவணைக்கு எழுதிக்கொடுத்திருந்த வீடு திணறியது.

ஆகவே, குழந்தை வரப்போகிற பத்து மாதத்தில் புதிய தவணை எதுவும் வேண்டாம். பைக்கை மாற்றுவது, பெரிய டி.வி., ஏ.சி. எல்லாம் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை காத்திருக்கட்டும்.

முதல் 12 வாரம்: பதிவு

இந்தக் காலண்டரில் தவறவிடக் கூடாத முதல் தேதி இதுதான். கர்ப்பம் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம, நகர்ப்புற சுகாதார செவிலியரிடமோ பதிவாக வேண்டும். அப்போது தரப்படும் ஆர்.சி.ஹெச். எண்ணை ஊரில் 'பிக்மி நம்பர்' என்பார்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்க்கப்போகிறவர்களுக்கும் இந்த எண் தேவை.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு இந்தப் பதிவுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் வாசல். தமிழகத்தின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவருமான அவர் பெயரில் நடக்கும் இந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 2018 முதல் 18,000 ரூபாய். இதில் 14,000 ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் முதலியவை அவற்றில் இருக்கும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு.

2024இல் மாற்றியமைக்கப்பட்ட முறைப்படி ரொக்கம் மூன்று தவணையாக வருகிறது: கர்ப்பத்தின் 4ஆம் மாதம் 6,000 ரூபாய், குழந்தை பிறந்த 4ஆம் மாதம் 6,000 ரூபாய், 9ஆம் மாதம் 2,000 ரூபாய். பெட்டகங்கள் கர்ப்பத்தின் 3ஆம், 6ஆம் மாதங்களில். மத்திய அரசின் மாத்ரு வந்தனா மகப்பேறு உதவியும் இதனுள்ளேயே அடங்குகிறது.

இந்தப் பணத்துக்கு ஒரே ஒரு விதி போதும். கணக்கில் ஏறும் வரை அதை நம்பிச் செலவு செய்யக் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. தவணை தள்ளிப்போனால் வட்டி மட்டும் தள்ளிப்போகாது. வந்ததும் அதை அவசர நிதியாக ஒதுக்கினால், மேலே பார்த்த ஜவுளிக்கடைக்காரர் போன்ற ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் கையிருப்பு ஆகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் வீட்டில் அதைக் குழந்தைச் செலவுக்கென்றே எழுதிவைக்கலாம்.

எங்கே பிரசவம்?

பத்து மாதத்தின் மிகப் பெரிய பண முடிவு இது. தனியாரில் ஆபரேஷன் என்றாகிவிட்டால் பல பத்தாயிரங்கள் ஒரே வாரத்தில் போகும். அரசு மருத்துவமனைகளில் 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தாய் சேய் நலத் திட்டப்படி சுகப்பிரசவமும் ஆபரேஷனும் இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கியிருக்கும் நாட்களுக்கு உணவு, போகவர வாகனம் எல்லாம் அதில் சேரும். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் உண்டு.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் காமராஜ் அரசு மருத்துவமனை. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் மருத்துவமனை 2021இல் சுகாதாரத் துறைக்கு வந்து, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை என்று சிக்கல் இருப்பவர்கள் எட்டாம் மாதத்துக்குள் இங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நடுராத்திரியில் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாறும்போதுதான் கணக்கில்லாமல் பணம் போகிறது, உயிருக்கும் ஆபத்து.

இலவசம் என்றாலும் கைச்செலவு உண்டு. கூட இருப்பவருக்குச் சாப்பாடு, ஆட்டோ, கணவர் லீவு போட்ட நாட்களின் கூலி, பிளாஸ்க், பாய், துணி. முன்பு ஒதுக்கிய 5,000 இதற்குத்தான்.

கடலூர் சிப்காட்டிலோ வேறு நிறுவனத்திலோ மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். மனைவியின் பிரசவ மருத்துவமும் அதில் சேரும். ஆனால் மனைவி பெயர் குடும்பப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். திருமணமாகி இரண்டு வருடமாகியும் ஏற்றாமல் விட்டவர்கள் உண்டு. மனைவியே இ.எஸ்.ஐ. உறுப்பினர் என்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதால் ஐந்தாம் மாதத்தில் அவசரப்பட்டு வேலையை எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. எழுதிக்கொடுக்கும் முன் அலுவலகத்தில் நாள் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

வளைகாப்பும் வட்டியும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். செலவு யாருடையது என்பது பேசப்படாமலே இருக்கும். "அவங்க பார்த்துக்குவாங்க" என்று இரண்டு பக்கமும் நினைத்திருக்க, கடைசியில் பெண்ணின் அப்பா நகையை அடகு வைக்கிறார். ஐந்தாம் மாதத்திலேயே இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசிவிடலாம். "வளைகாப்பை வீட்டோடு வைத்துக்கொள்வோம் சம்பந்தி, மண்டபம் வேண்டாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து சொன்னால் பெண் வீட்டுக்குப் பெரிய நிம்மதி. வளையலும் சந்தனமும் ஏழு வகைச் சாதமும் ஐம்பது பேருக்குள் 7,000 ரூபாயில் முடிகிற சடங்குதான். அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் கலந்துகொள்ளலாம்.

கடன் தவிர்க்க முடியாது என்றால் எங்கே வாங்குவது என்பதில் கணக்கு இருக்கிறது. தெருவில் மூணு வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். 20,000 ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 7,200 ரூபாய் வட்டி மட்டும் போகும். அதே தொகைக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நகைக்கடன் வாங்கினால் வட்டி 2,000தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 5,200 ரூபாய், மேலே பார்த்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டின் கிட்டத்தட்ட ஒரு மாத மளிகைப் பணம். தண்டல், மீட்டர் வட்டி பக்கம் போகவே வேண்டாம். 2003 முதல் தமிழகத்தில் கந்து வட்டிக்குத் தடைச் சட்டம் இருக்கிறது.

சீட்டு போடுகிறவர்கள் பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்து, எட்டாம் மாதத்தில் எடுக்கும்படி திட்டமிடலாம். எடுத்த பிறகும் மிச்சத் தவணை கட்ட வேண்டும் என்பதைப் பணக் காலண்டரில் எழுதிவைக்க வேண்டும்.

தொட்டில் ஆடத் தொடங்கிய பிறகு

டயப்பர் ஒன்று பத்து ரூபாய், ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 1,500 ரூபாய். பகலில் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி, இரவுக்கு மட்டும் ஒரு டயப்பர் என்றால் 300 ரூபாய். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். மருத்துவர் சொன்னாலன்றிப் பால்பவுடர் டின் வாங்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தாயின் முட்டைக்கும் பாலுக்கும் கீரைக்கும் மீனுக்கும் போகட்டும். வீட்டில் சிக்கனம் என்று வந்தால் பெண்கள் முதலில் குறைப்பது தம் தட்டில் உள்ளதைத்தான். பால் கொடுக்கும் காலத்தில் அதை வீட்டில் உள்ளவர்கள் அனுமதிக்கக் கூடாது.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. முதல் ஆறு, பத்து, பதினான்காம் வாரத்துப் பென்டாவலன்ட் ஊசி வரை தேசியப் பட்டியலில் உள்ள தடுப்பூசிகள் அனைத்தும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். பணம் கொடுத்துப் போட்டால்தான் நல்ல ஊசி என்ற எண்ணம் பல வீடுகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது.

பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குச் சான்று இந்தச் சான்றிதழ்தான். அப்பா, அம்மா பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று வாங்கும்போதே சரிபார்த்தால் பின்னால் வக்கீல் செலவு இல்லை.

சம்பாதிக்கிற ஒருவர்

ஒருவர் சம்பளத்தில் நிற்கும் வீட்டில் அந்த ஒருவருக்கு ஏதாவது ஆனால் என்ற பேச்சை அபசகுனம் என்று தள்ளிவிடுகிறார்கள். பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு, 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சுரக்ஷா பீமா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இரண்டும் சேர்ந்து 456 ரூபாய். வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ ஒரு படிவம் போதும். ஆயுள் காப்பீட்டில் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து அல்லாத மரணத்துக்குப் பணம் கிடைக்காது. அதனால் பிரசவம் வரை காத்திராமல் கர்ப்பம் தெரிந்த மாதத்திலேயே சேர்ந்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் கணக்கில் இந்தத் தொகை இருக்க வேண்டும். வாரிசுதாரராக இன்னும் அம்மா பெயரே இருந்தால் மனைவி பெயருக்கு மாற்றுவது அம்மாவை விட்டுக்கொடுப்பது ஆகாது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டே அதைச் செய்யலாம்.

பெண் குழந்தை என்றால் தபால் அலுவலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயில் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். தையல் வருமானம் திரும்பிய பிறகு தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். பத்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் கடன் இருக்கும் வீடு முதலில் வட்டிக் கடனை அடைக்க வேண்டும்.

இப்போது சுவர்க் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை ஆணியில் மாட்டலாம். மாதத்துக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வர வேண்டிய பணம், வலது பக்கம் வரப்போகும் செலவு. பிக்மி நம்பர், வங்கிக் கணக்கு எண், 108, கிராம செவிலியரின் செல்போன் எண் ஆகியவை முதல் பக்கத்தில். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடுகிற பக்கத்தில் 'நிதியுதவி கடைசித் தவணை 2,000' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு பெல்ட் மாற்ற 300 ரூபாய் என்று இன்றைக்கே எழுதிவைக்கலாம்.